ஆறட்டும் என்று சொன்னவர்

எழுதத் தெரியாத ஒருத்தி எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கும் மேலாக நான் எழுதியதெல்லாம் எண்கள்தான். விட்டம் இவ்வளவு, நீளம் இவ்வளவு, சரி, சரியில்லை, கீழே ஒரு கையெழுத்து. நாலு பேர் இருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கவே எனக்குக் கூச்சம். ஒரு மனுஷியைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் கிடையாது. அவரைப் பற்றி எழுத வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை என்பதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெயரை எழுதவில்லை. அவர் பெயரை நான் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. மேடம் என்றே கூப்பிட்டேன், மனசுக்குள்ளும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். எங்களோடு ஐந்து வருஷம் இருந்தார். பிறகு கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை கிடைத்துப் போனார் என்றார்கள். போன் நம்பர் மாறிவிட்டது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புகளுக்கு ஷாஃப்ட் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. ஷாஃப்ட் என்றால் பம்பின் நடுவில் சுற்றுகிற இரும்புத் தண்டு. தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். அதில் ஏ.சி. உள்ள இடம் இரண்டுதான். ஒன்று மேனேஜர் அறை. இன்னொன்று அளவு பார்க்கும் எங்கள் அறை. ஆனால் அந்த ஏ.சி. எங்களுக்காகப் போட்டதில்லை, இரும்புக்காகப் போட்டது. வருஷம் முழுவதும் இருபது டிகிரி. மேடம்தான் அந்த அறைக்குப் பொறுப்பு. நான் அவருக்குக் கீழே.

இரும்பு சூட்டில் கொஞ்சம் ஊதும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஐந்தாகப் பிளந்தால் ஒரு பங்கு இருக்குமே, அவ்வளவுதான். எங்கள் பிழைப்பே அந்த ஒரு பங்கில்தான் இருந்தது. அதனால் மிஷினிலிருந்து வரும் பீஸை உடனே அளக்கக் கூடாது. எண்ணெய் துடைத்து, கருப்புக் கல் மேஜையில் படுக்கவைத்து, உள்ளே வந்த நேரத்தை ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தொடலாம். இது எல்லாக் கம்பெனியிலும் உள்ள சட்டம். அதை மனுஷ வாழ்க்கைக்கும் சேர்த்து வைத்துக்கொண்ட ஒரே ஆள் மேடம்.

மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. ஏ.சி. ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்கும். வெளியே மிஷின் சத்தம் எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல இருக்கும். மேஜையில் வரிசையாகத் தண்டுகள், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்கள் மாதிரி. அந்த நேரத்தில் அவர் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். எனக்கு அந்த அறையைப் போலப் பிடித்த இடம் இன்றுவரை வேறு இல்லை. நான் பேசவில்லை என்று யாரும் குறை சொல்லாத இடம் அது.

அறையை விட்டு வெளியே வந்தால் அவர் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். துடைக்கமாட்டார். வாசலிலேயே நிற்பார், தானாகத் தெளியும்வரை. ட்ராலி தள்ளுகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

டீயும் அப்படித்தான். பத்தரைக்கு டீ கொண்டுவரும் அண்ணன் டம்ளரை வைத்துவிட்டுப் போவார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் காலி டம்ளர் எடுக்க வரும்போது மேடத்தின் டீ மேலே ஆடை படிந்து அப்படியே இருக்கும்.

"இன்னா மேடம், ஐஸ் போட்டு எடுத்தாரவா?" என்பார் அவர்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் அண்ணே."

"ரெண்டு நிமிசம் ரெண்டு நிமிசம்னு என் சர்வீசே முடிஞ்சிடும் போல கீது."

தண்டைக் கல்லு வீலில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் கிரைண்டிங் மிஷின் ஓட்டுகிற காதர் பாய் அதைவிடக் கேலி. பூந்தமல்லியிலிருந்து வருகிறவர். ஐம்பதைத் தாண்டியிருந்தார். பதினைந்து வருஷமாக அதே மிஷின். கல்லு வீலைத் தொடாமலே அது தேய்ந்திருப்பதைச் சத்தத்தை வைத்துச் சொல்லுவார். பீஸைக் கொண்டுவந்து கதவுப் பக்கம் நீட்டிக்கொண்டே, "மேடம், பீஸு தூங்குற வரிக்கும் தாலாட்டு எதுனா பாடுவீங்களா? போர்வ வேணும்னா எங்க ஊட்லருந்து எடுத்தாரேன்" என்பார். மேடம் சிரிப்பார். "பாய், உங்க பீஸுக்கு மட்டும் தாலாட்டே வேணாம். வந்ததும் தூங்கிடும்" என்பார். அவர் செய்த பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பாய்க்கு அதில் பெருமை. வெளியே காட்டமாட்டார், ஆனால் அன்று முழுவதும் விசில் அடித்துக்கொண்டிருப்பார்.

திங்கட்கிழமை காலையில் பீஸ் வருவதற்கு முன்னால் அரை மணி நேரம் கிடைக்கும். அப்போது மேடம் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்வார். ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டே இருப்பார், எங்காவது போய்க்கொண்டே இருப்பார். எதுவும் ஒழுங்காக முடிந்ததாக நினைவில்லை.

நாற்பத்தெட்டு வயதில் நீச்சல் கற்கச் சேர்ந்தார். மூன்று வாரம் கரையில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாராம். கற்றுக்கொடுக்கிற பெண், "இறங்குங்க ஆன்ட்டி" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். பயம் கொஞ்சம் ஆறட்டும் என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். நாலாவது வாரம் ஈரத் தரையில் வழுக்கி, உடுப்போடு, கைப்பையோடு உள்ளே விழுந்துவிட்டார்.

"அப்புறம் மேடம்?" என்று கேட்டேன்.

"எழுந்து நின்னேன். தண்ணி இடுப்பு வரைக்கும்தான் இருந்துச்சு. இடுப்பளவு தண்ணிக்கு மூணு வாரம் யோசிச்சிருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆழம் எவ்வளவுன்னு முதல் நாளே யாரையாவது கேட்டிருக்கலாம்" என்றார். பிறகு பீஸ் வந்துவிட்டது.

நான் இன்றும் புது இடத்துக்குப் போனால் அதைத்தான் முதலில் கேட்கிறேன், வேறு வார்த்தைகளில்.

இன்னொரு தடவை வேலப்பன்சாவடியில், நெடுஞ்சாலையில், அவர் ஸ்கூட்டியை ஒரு ஆட்டோ இடித்துவிட்டது. பெரிய அடி இல்லை. ஒரு பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. ஆட்டோக்காரர் சண்டைக்குத் தயாராக இறங்கி வந்தார். மேடம் ஒன்றும் பேசாமல் வண்டியையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"இன்னாமா, எதுனா திட்டிட்டுப் போயேன். சும்மா பாத்துகினு நின்னா எனக்கு ஒரு மாதிரி கீது."

"பத்து நிமிஷம் இருங்க. யார் மேல தப்புன்னு யோசிச்சுக்கறேன்."

பக்கத்தில் கரும்பு ஜூஸ் கடை. வேறு வழியில்லாமல் ஆட்டோக்காரரும் நின்று ஒரு டம்ளர் குடித்தார். இவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். பத்து நிமிஷம் ஆனதும் மேடம், "என் தப்புதான். போன சிக்னல்ல போட்ட இண்டிகேட்டரை நான் அணைக்கவே இல்ல. நான் லெஃப்ட்ல திரும்புவேன்னு நீங்க நினைச்சீங்க" என்றாராம். அந்த மனிதர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இத்த முன்னாடியே சொல்லியிருந்தா நா கோவிச்சுகினு ஜாலியா போயிருப்பேனே" என்றார். அதன் பிறகு மேடம் விமான நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தால் அந்த ஆட்டோதான் வரும்.

படம் வரைவதும் உண்டு. பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு ஒரு தடவை என்னையும் கூட்டிப் போனார். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தண்ணீர் மேல் புகை போல ஏதோ படிந்திருந்தது. நடைபாதையில் போகிறவர்களின் காலடிச் சத்தம் மட்டும். தூரத்தில் ஒரு கூழைக்கடா தனியாக மிதந்துகொண்டிருந்தது. மேடம் பெஞ்சில் உட்கார்ந்து அட்டையில் தாளைச் செருகி, பிரஷ்ஷை நனைத்து, நிறுத்திவிட்டார்.

"அது ஒரு இடத்துல நிக்கட்டும்."

அது நிற்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்தது. வெயில் மெல்ல ஏறியது. தண்ணீரின் நிறம் சாம்பலிலிருந்து வெள்ளிக்கு வந்து, வெள்ளியிலிருந்து ஒன்றுமில்லாத வெளிச்சத்துக்கு வந்தது. நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் நான் இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. வீடு, கேஸ் சிலிண்டர், பையனின் பரீட்சை எல்லாம் அந்தக் கரையில் எங்கோ இறங்கிப் போய்விட்டன. பறவை இறக்கையை விரித்து ஒரே மூச்சில் எழுந்து போனது. மேடம் அப்போதுதான் வரைய ஆரம்பித்தார். தாளில் வெறும் தண்ணீர்.

"பறவை எங்க மேடம்?"

"போயிடுச்சு. தண்ணி இருக்குல்ல."

அந்தப் படத்தை எனக்குக் கொடுத்தார். பார்ப்பவர்கள் வெறும் நீலக் காகிதம் என்பார்கள். எனக்கு அதில் பறவை எழுந்து போன இடம் தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லக்கூடியது. அடுத்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மேடத்துக்கு இன்னொரு பழக்கம், பெயர் பிடித்த ஏதாவது ஒரு ஸ்டேஷனில் இறங்கி நடப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நெமிலிச்சேரில இறங்கலாமா, வர்றீங்களா?" என்று கேட்டார். எல்லோரையும் அவர் நீங்க என்றுதான் சொல்வார். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அங்கே பக்கத்து வீடு திருநெல்வேலி, எதிர் வீடு சேலம், மாடி வீடு தஞ்சாவூர். நீ என்று சொன்னால் எந்த ஊர்க்காரருக்குக் கோபம் வரும் என்று தெரியாததால் எல்லோருக்கும் நீங்க என்றே பழகிவிட்டதாகச் சொல்லுவார்.

நெமிலிச்சேரியில் இறங்கினோம். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு ஒரு ஆட்டோவை நிறுத்தி, முத்தாபுதுப்பேட்டை என்றார். ஊரைச் சுற்றிப் பார்க்கத்தான் போகிறோம் என்று நினைத்தேன். ஒரு தெரு முனையில் இறங்கினோம். வேப்பமரத்துக்குக் கீழே நின்றார். எதிரே பச்சைக் கேட் போட்ட வீடு. கொடியில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டாள். நெற்றியும் நடையும் மேடத்தை அப்படியே உரித்து வைத்தது போல இருந்தன. எங்கள் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்விட்டாள்.

"என் தங்கச்சி" என்றார் மேடம்.

"கூப்பிடுங்க மேடம்."

"அப்பா போனப்ப ரெண்டு பேரும் வாய்க்கு வந்தபடி பேசிக்கிட்டோம். அவளுக்கு இன்னும் கோவம் இருக்கும். ஆறட்டும்."

"எப்போ நடந்தது?"

"ஏழு வருஷம் ஆகுது."

போய்க் கதவைத் தட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வராது. தெருமுனைக் கடையில் டீ வாங்கினோம். அவர் வழக்கம் போல டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அன்று அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மனுஷி எதற்காகக் காத்திருக்கிறாள் என்பதை அவளே மறந்துவிட்டால் அந்த முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அதற்கு அடுத்த கோடையில் மேடம் பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு மேகாலயா போனார். மழையைப் பார்க்க வேண்டும், அதுவும் நிற்காமல் பெய்கிற மழையை, என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அறை என் பொறுப்புக்கு வந்தது.

அவர் இல்லாத வெள்ளிக்கிழமை அவசர ஆர்டர் ஒன்று. இருநூறு ஷாஃப்ட். மறுநாள் காலை வண்டி ஏற்றியாக வேண்டும். காதர் பாய் முதல் பீஸை முடித்து எடுத்துக்கொண்டு வந்தார். முதல் பீஸை நாங்கள் அளந்து ஓகே சொன்ன பிறகுதான் மிச்சத்தை ஓட்டுவார்கள். பாய் தொழுகைக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். "தங்கச்சி, பீஸ இங்க வெச்சுட்டேன். நா வர்றதுக்குள்ள ஆறிடும்ல?" என்றார். கதவுக்கு வெளியே இருக்கும் தகரத் தட்டில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே எடுத்து வைப்பதாக நான் தலையாட்டினேன்.

அப்போது சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்ச்சிலிருந்து இரண்டு பேர் வந்து பேப்பர் கேட்டார்கள். பேப்பரில் தப்பு. அதைத் திருத்தி எழுதினேன். அதற்குள் போன். பீஸ் வெளியே தட்டிலேயே இருந்தது. அந்த இடத்தில் பகல் ஒரு மணிக்குக் கூரைச் சந்து வழியாக வெயில் நேராக விழும். பாய் திரும்பி வருவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எட்டிப் பீஸை எடுத்தேன். கை சுட்டது.

இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பாய் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். டெஸ்பாட்ச் ஆள் கத்தியிருப்பான், அவ்வளவுதான். ஆனால் யாராவது கத்தினால் எனக்குக் கை நடுங்கும். சிறு வயதிலிருந்தே அப்படி. சூட்டோடு அளந்தேன். மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நட்ட நடுவில் அளவு இருந்தது, அழகாக. பாய் தட்டில் வைத்துவிட்டுப் போன நேரத்தையே உள்ளே வந்த நேரமாக, பன்னிரண்டே முக்கால் என்று சீட்டில் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பாய் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு விசிலடித்துக்கொண்டே மிஷினுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை, வாங்கிய கம்பெனியிலிருந்து, இருநூறு ஷாஃப்ட்டும் சிறுத்திருப்பதாகத் தகவல் வந்தது. சூட்டில் நடுவில் இருந்த அளவு, ஆறியதும் கீழே இறங்கிப் போயிருந்தது. புதன்கிழமை மேனேஜர் என் சீட்டை எடுத்துப் பார்த்தார். பீஸ் ஒரு மணி நேரம் உள்ளே இருந்திருக்கிறது, அளவும் சரி. அப்படியென்றால் ஓகே வாங்கிய பிறகு காதர் பாய் வீலை நகர்த்தி அதிகமாகத் தேய்த்திருக்கிறார். வேறு வழியே இல்லை. மிஷின் பக்கத்தில் வைத்து, எல்லோரும் கேட்க, சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். பாய் கான்ட்ராக்ட் ஆள். கேட்பதற்கு யாரும் இல்லை.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். இருபது டிகிரியில் எனக்கு வியர்த்தது.

வியாழக்கிழமை மேடம் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் பயணத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். போய் இறங்கிய நாளிலிருந்து அங்கே ஒரு சொட்டுக்கூட இல்லையாம். மலைக்கு அந்தப் பக்கம் மேகம் நிற்கிறதாம், வருவதாகத் தெரியவில்லையாம். வண்டிக்காரர் இன்னும் இருபது மைல் தள்ளிப் போனால் கொட்டுகிறது என்றாராம். வரட்டும் என்று இவர் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு எட்டு நாள் உட்கார்ந்திருந்தார். பச்சை மலை, வெள்ளை மேகம், மலைக்கும் மேகத்துக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம். கடைசி நாள் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு மழை இறக்கையில் விழுந்தது.

"மழையைப் பாக்கப் போய் எட்டு நாள் வெயிலைப் பாத்துட்டு வந்திருக்கேன்" என்று சிரித்தார். அவர் சொல்லச் சொல்ல அந்த மலை எனக்கும் தெரிந்தது. கேட்டுக்கொண்டே அதற்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அவர் நிறுத்தியதும் நான் சொல்லிவிட்டேன். தட்டு, வெயில், சூடு, சீட்டு, எல்லாம்.

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டார். ஏ.சி. உறுமியது.

"சொன்னது நல்லது" என்றார். "ஆனா இப்ப வேணாம். சார் கொதிச்சுப் போயிருக்கார். இப்பப் போய்ச் சொன்னா உங்களையும் சேத்து அனுப்பிடுவாரு. திங்கக்கிழமை வரைக்கும் ஆறட்டும். நானே பேசறேன்."

"சனிக்கிழமை பாய் போயிடுவாரே மேடம்."

"போனா கூப்பிட்டுக்கலாம்."

எனக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. அதுதான் எனக்கு இன்றும் வெட்கம். அன்று நன்றாகச் சாப்பிட்டேன். திருமுல்லைவாயல் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது காற்று வீசியது, அதுகூட இதமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் பிடிக்கப் போனேன். குழாய்ப் பக்கம் காதர் பாய் உட்கார்ந்திருந்தார். மிஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு வேலை இல்லை.

"இன்னா தங்கச்சி, ரெண்டு நாளா ஆளயே காணோம். நீயும் எம்மேல கோவமா கீறியா?"

"இல்ல பாய்."

"ஓகே வாங்கினப்புறம் வீல நா தொடலன்னுதான் நெனச்சுகினு இருந்தேன். ஆனா நீ அளந்தது தப்பா இருக்குமா? இருக்காது. அப்ப நாந்தான் தொட்டிருக்கேன்." கையை நீட்டி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "தொட்டது எனக்கே ஞாபகம் இல்ல பாத்தியா. எம்பொண்ணு சொல்லுது, டாக்டராண்ட போயி தலைய ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம் நைனான்னு. எங்கப்பாவும் கடைசில இப்டித்தான், ஊட்டுக்கு வழி தெரியாம நின்னுகினு இருப்பாரு."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. என் அளவை நம்பியதால் தன் கையை நம்புவதை விட்டிருந்தார்.

வேலையைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கலாம். இது இன்னும் மூன்று நாள் அந்த மனுஷனுக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டிலைக் குழாயடியிலேயே வைத்துவிட்டு நடந்தேன். மேடத்திடம் சொல்லவில்லை. எங்கள் அறைக்குப் போய்ச் சீட்டை எடுத்தேன், அவர் நிமிர்ந்து பார்த்தார், நான் திரும்பவில்லை. மேனேஜர் அறைக் கதவை அதுவரை நான் தட்டியதே கிடையாது.

அவர் போனில் இருந்தார். முடிக்கும்வரை நின்றேன். சீட்டை மேஜையில் வைத்தேன்.

"சார், இந்த நேரம் நான் பொய்யா எழுதினது. பீஸ் வெளியில வெயில்ல இருந்துச்சு. சூட்டோட அளந்தேன். பாய் வீலைத் தொடல."

அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இத செவ்வாக்கிழமையே சொல்றதுக்கு என்ன?"

"பயம் சார்."

"இப்ப பயம் இல்லியா?"

"இருக்கு சார்."

கதவு திறந்தது. மேடம் வேகமாக நடந்து வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. அவர் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

"சார், என்கிட்ட நேத்தே சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை வரைக்கும் இருங்கன்னு நிறுத்தி வெச்சது நான். பாய்க்கு ஒரு நாள் அதிகமாக் கெட்ட பேர் இருந்ததுக்கு நான்தான் காரணம். அதையும் எழுதிக்கோங்க."

மேனேஜர் சத்தம் போட்டார். என்ன சொன்னார் என்று முழுக்கக் காதில் விழவில்லை. கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். வெளியே வந்ததும் மேடம், "பாய்கிட்ட யார் சொல்றது?" என்று கேட்டார்.

"நானே சொல்றேன் மேடம்."

பாய் இன்னும் குழாய்ப் பக்கமே இருந்தார். சொன்னேன்.

"அப்ப நா தொடல."

"தொடல பாய்."

"ஓகே வாங்கினப்புறம் நா வீலத் தொடவேயில்ல."

"இல்ல பாய்."

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார். மேடம் எனக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்றார். "மன்னிச்சிருங்க பாய்" என்று அவர்தான் முதலில் சொன்னார். நான் குழாயடியில் விட்டுப்போன பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்.

பாய் எழுந்தார். "நாலு நாளு தங்கச்சி" என்றார் என்னைப் பார்த்து. "நாலு நாளு என் கைய நானே பாத்துகினு கெடந்தேன்." பிறகு தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை. இருநூறு ஷாஃப்ட்டும் திரும்பி வந்து, உதவாத இரும்பாக ஸ்கிராப்பில் போயின. காதர் பாய் முதல் ஷிப்ட்டில் தன் மிஷினில் நின்றார் என்று டீ அண்ணன் போனில் சொன்னார். என்னை ஒரு வாரம் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ரேஷன் கடைக்குப் போனேன். பருப்பு வரவில்லை என்றார்கள். அரிசி மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.